ஒரு கூடை மிதிபாகல்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் டாக்டர், அவர் பக்கத்தில் எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸம்மா, எதிர் நாற்காலியில் பள்ளிக்கூட டீச்சரான என் மனைவி, அடுத்த நாற்காலியில் அவளுடைய அக்கா, அக்காவுக்குப் பின்னால் நின்றபடி அக்கா வீட்டுக்காரர், அதாவது என் சகலை. கதவோரம் நான். மொத்தம் ஆறு பேர். அதில் பயந்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிற என் மனைவி ஃபேன் காற்றில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. உடம்பு இளைக்க வயிற்றையே சின்னதாக்கும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது என்பது எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. சொன்னால் சிரிப்பார்கள், இல்லையென்றால் அழுவார்கள் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்தவர். ஒரு வெள்ளைத்தாளில் வயிறு வரைந்தார். எனக்கு அது தோல்பை மாதிரி இருந்தது. மேலே ஒரு கோடு கிழித்து, "இந்தச் சின்னப் பை மட்டும் வேலை செய்யும், மிச்சத்துக்குச் சாப்பாடு போகாது. குடலை இப்படித் திருப்பி இங்கே சேர்த்துடுவோம்" என்றார்.

"அப்ப கொஞ்சம் சாப்பிட்டாலே ரொம்பிடும்" என்றார் சகலை. அவர் கூடுவாஞ்சேரியில் மனை விற்பவர். எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் அவருக்கு உடனே புரிந்துவிடும்.

"அது மட்டும் இல்ல" என்றார் டாக்டர். "சாப்பாடு சீக்கிரமாக் குடலோட கீழ்ப்பக்கம் போய்ச் சேர்ந்துடும். அங்கேருந்து சில ஹார்மோன் ரத்தத்துல கலந்து மூளைக்குப் போய் 'போதும்'னு சொல்லும். இவங்களுக்கு முன்ன மாதிரி பசிக்காது. ஏன், எப்படின்னு முழுசா எங்களுக்கே இன்னும் தெரியாது."

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்குப் புரிகிற மாதிரி நானே சொல்லிக்கொண்டேன். கிழக்குத் தாம்பரத்தில் நான் நடத்துகிற சைக்கிள் ஸ்டாண்டில் உள்ளே இடம் நிறைந்ததும் உள்ளேயிருக்கும் ஆள் விசில் அடிப்பான். வாசலில் நான் சங்கிலியை மாட்டிவிடுவேன். என் மனைவிக்கு உள்ளே விசில் அடிக்கிறவன் இத்தனை வருஷமாகத் தூங்கிவிட்டான். டாக்டர் அவனை எழுப்பப் போகிறார். சரி, அது புரிந்தது. ஆனால் என் பயம் வேறு. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சார், பசி போயிட்டா ஆசையும் போயிடுமா சார்?"

டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "அது தெரியாதுப்பா" என்றார். சகலை என் தோளைத் தட்டினார். "இன்னா சகல, ஆபரேஷன் உனக்கா டீச்சரம்மாக்கா? மூஞ்சி வெளுத்துப் போயி கீது." நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அப்பா மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்கு எதிரே தள்ளுவண்டியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். நான் வாழைக்காய் சீவுகிற ஆள். டீச்சர் டிரெய்னிங் படிக்கிற ஒரு பெண் மாலையில் வண்டிக்கு வருவாள். முதல் நாள் நாலு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றாள். மறுநாள் உப்பைக் கூட்டினேன். ஒரு கடி கடித்து ஒரு நொடி கண்ணை மூடினாள். திறந்து, "இன்னிக்குச் சரியா இருக்கு" என்றாள். அந்த ஒரு நொடிக்காக அடுத்த ஒரு வருஷம் நான் உப்பு அளந்தேன். ஒரே சர்ச் சபைக்காரர்கள், எனவே பெரியவர்கள் பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை. படித்த பெண் பஜ்ஜிக்காரன் மகனைக் கட்டுவதா என்று அவள் வீட்டில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. அவள் அக்காதான் பேசி முடித்துவைத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு சனிக்கிழமை சாயந்திரம் எங்களுக்குத் திருவிழா. சுடச்சுட எதையாவது வாங்கி, இரண்டு பேரும் நின்றுகொண்டே சாப்பிடுவோம். பேசுவதற்கு எனக்கு உலக விஷயம் தெரியாது. அவளுக்குத் தெரியும். நான் வாங்கித் தருவேன், அவள் சாப்பிட்டுக்கொண்டே பேசுவாள், அந்தக் கண் ஒரு நொடி மூடும். எனக்கு அது போதும். பசி போய்விட்டால் அவளுக்கு என்னோடு நிற்க வேறு என்ன காரணம் இருக்கிறது? இதுதான் என் கேள்வி. டாக்டரிடம் இப்படிக் கேட்க முடியுமா?

ஆனால் அவள் பட்ட கஷ்டமும் எனக்குத் தெரியும். வீடு கிழக்கே, பள்ளிக்கூடம் மேற்கே. நடுவில் ரயில்வே மேம்பாலம். உடம்பு ஏற ஏற, பாதிப் படியில் நின்றுவிடுவாள். நின்று தண்டவாளத்தைப் பார்ப்பாள். "எந்த வண்டி பாக்கிறே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "எனக்கு வண்டி பாக்கணும்னு ஆசை ஒண்ணும் இல்லைங்க. மூச்சு வாங்குது, நிக்கிறேன்" என்றாள். முட்டியில் வலி, ரத்தத்தில் சர்க்கரை. ஆபரேஷன் என்பது அவளாக விசாரித்து அவளாக எடுத்த முடிவு. நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயரே வேறு யாருடைய பெயரோ மாதிரி இருந்தது.

கோடை விடுமுறையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எனக்கு ஆச்சரியம் எங்கே வந்தது என்றால், உடம்பு இளைப்பதற்கு முன்னாலேயே சர்க்கரை இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மாத்திரையைக் குறைத்தார்கள், அப்புறம் நிறுத்தினார்கள். நான் பயந்து டாக்டரிடம் ஓடினேன். "குடலை மாத்தினதுல ஹார்மோன் மாறுது, அதோட வேலைதான். இதுக்கும் பயந்தா எப்படிப்பா?" என்றார். நல்லது நடந்தாலும் பயப்படுகிறவன் என்று எனக்கு அங்கே பெயர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபின் முதலில் வடிகட்டின சூப், பிறகு குழையக் குழையக் கஞ்சி. சமையல் என் பொறுப்பு. குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை ஒன்று வாங்கி வந்தேன். அதில் நாலு முறை ஊட்டினால் போதும் என்று கையைக் காட்டிவிடுவாள். உள்ளே விசில் அடிக்கிறவன் கதையை அவளிடமும் சொல்லியிருந்தேன். அரை இட்லிக்கு வந்தபோது நான் ஏதோ தீபாவளி மாதிரி சந்தோஷப்பட்டேன். சாப்பிடுகிறபோது தண்ணீர் குடிக்கக் கூடாது, மெதுவாக மென்று சாப்பிட வேண்டும், முட்டையும் பருப்பும் முதலில். மாதம் ஒரு வைட்டமின் ஊசி. தலைமுடி சீப்பு சீப்பாகக் கொட்டியது, பிறகு நின்றது. நான் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். "இப்படிப் பாத்தா எனக்குப் பரீட்சை எழுதற மாதிரி இருக்கு. நீங்களும் சாப்பிடுங்க" என்பாள். எனக்கு இறங்காது. ஆபரேஷன் இல்லாமலே என் பேன்ட் இடுப்பில் நிற்காமல் போயிற்று.

மழைக்காலத்துக்குச் சற்று முன் சகலை ஒரு மனையை நல்ல விலைக்கு முடித்துவிட்டு ஒரு டப்பா ஜாங்கிரியோடு வந்தார். என் மனைவிக்கு ஜாங்கிரி என்றால் உயிர். ஒன்றை எடுத்தாள், பாதி சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வியர்வை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று பாயில் படுத்துவிட்டாள். சகலைக்கு முகம் செத்துவிட்டது. நான் தெருவுக்கு ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தி, பாதி ஜெபமும் பாதி அழுகையுமாக உள்ளே வந்தேன்.

"ஆட்டோவை அனுப்புங்க" என்றாள் படுத்தபடியே. "டாக்டர் சொல்லியிருக்காரு. இனிப்பு சட்டுனு குடலுக்குள்ள எறங்கினா இப்படி ஆகும். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

சரியாயிற்று. எழுந்து உட்கார்ந்து, பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பரைத் திருத்தத் தொடங்கினாள். வாசலில் ஆட்டோக்காரர் காத்திருந்தார். வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் சகலை டப்பாவை அப்படியே அவரிடம் கொடுத்தார். "இன்னா சார், பேஷன்ட்டு எங்க?" என்றார் அவர். "பேஷன்ட்டு பேப்பர் திருத்துது. நீ துன்னு" என்றார் சகலை.

அவளுக்கு அதற்குப் பிறகு இனிப்பு பிடிக்காமலே போய்விட்டது. பயத்தால் இல்லை, நாக்கே மாறிவிட்டது. சாதாரணப் பால்கூட ரொம்பத் தித்திப்பு என்றாள். சனிக்கிழமைகளில் வெளியே போவது நின்றது. போகலாமா என்று நான் கேட்பேன். "நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்களேன்" என்பாள், அன்போடுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. படியேறுகிறாள், பாடுகிறாள், பழைய ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைக்கிறாள். எல்லாம் நல்லது. கண்ணை மூடுகிற அந்த ஒரு நொடி மட்டும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு டிபன் பாக்ஸ் கொண்டுவந்தார். அவர் வீட்டு வேலியில் மிதிபாகல் படர்ந்திருந்தது. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும், கசப்பு சாதாரணப் பாகலை விட ஜாஸ்தி. அதை உப்பும் மிளகாயும் போட்டு வதக்கியிருந்தார். என் மனைவிக்கும் பாகற்காய்க்கும் பிறந்ததிலிருந்து சண்டை. சர்க்கரைக்கு நல்லது என்று உலகமே சொன்னபோதுகூட அவள் தொட்டதில்லை. அன்றைக்குச் சும்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

கண் மூடியது.

"அக்கா, இது நல்லா இருக்கே!" என்று இன்னொன்றை எடுத்தாள். எனக்குத் தட்டு கையிலிருந்து நழுவப் பார்த்தது.

மறுநாளே மார்க்கெட்டுக்கு ஓடினேன். மிதிபாகல் கிடைக்கவில்லை, பெரிய பாகல்தான். கசப்பு தெரியக் கூடாதே என்று வழக்கம் போல் வெல்லமும் புளியும் போட்டேன். பழக்கம் விடுமா? அவள் ஒரு துண்டை மென்று, "நல்லா இருக்குங்க" என்றாள். மரியாதைக்குச் சொன்னாள். கண் திறந்தே இருந்தது. வெல்லம் போடாமல் மறுபடி செய்தேன். அப்போதும் அதே மரியாதை. அக்கா வீட்டுக் கொடிதான் வேண்டும் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஆனால் அக்கா அந்த மாதக் காயை முழுக்க எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு என்று நேர்ந்துவிட்டிருந்தார். காணிக்கைக்கு என்று வைத்ததைக் கேட்கக் கூடாது. ஒரு வழிதான் இருந்தது.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஆராதனை முடிந்ததும் ஏலம். வாழைத்தார், கரும்புக்கட்டு, பூசணி, கோழி, கேக், முட்டை என்று அவரவர் கொண்டுவந்த காணிக்கையைப் பந்தலில் குவித்து ஏலம் விடுவார்கள். பணம் சபைக்கு. பத்து ரூபாய் பொருளை நூறுக்குக் கேட்பதுதான் மரியாதை. பந்தலில் ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்கள். நடுவில் நாற்காலி மேல் ஏறி நின்று ஏலம் விடுகிறவர் எப்போதும் என் சகலைதான். அந்தக் குரலுக்கு மைக் வேண்டாம்.

முந்தின வருஷம் வரை நூறு பெண்களுக்கு நடுவே என் மனைவி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன். அன்றைக்குத் தேட வேண்டிய தேவையே இல்லை. ஆராதனை முடிந்ததும், "எனக்கு அசதியா இருக்கு, வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லியிருந்தாள். நானும், "ஸ்டாண்டுல ஆளில்ல, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, ஆலயத்தைச் சுற்றிப் பின்பக்கமாகப் பந்தலுக்குள் வந்துவிட்டேன். பாகற்காயை வாங்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைக்க வேண்டும். அதுதான் திட்டம். எனக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே கரும்புக்கட்டுகள் சுவர் மாதிரி நின்றிருந்தன.

கூடை வந்தது. "கூடுவாஞ்சேரி மிதிபாகல்! சர்க்கரைக்கு எதிரி! பத்து ரூபா யாரு?" என்றார் சகலை.

நான் கையைத் தூக்கினேன். சகலை என்னைப் பார்த்தார், சிரித்தார். "ஆண்கள் பக்கம் பத்து!" உடனே அந்தப் பக்கம் திரும்பினார். "பெண்கள் பக்கம் இருபது!" அங்கே பார்த்தவர் ஏனோ நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார். சமாளித்துக்கொண்டு, மறுபடி என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாதிரி ஒளி.

"ஆண்கள் பக்கம் ஐம்பது! பெண்கள் பக்கம் எழுபது! இன்னா, அவ்ளோதானா? ஆண்கள் பக்கம் நூறு!"

யாரோ ஒரு பணக்கார மகராசி என் கூடையைப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் குரல் நடுங்கும் என்று கையை மட்டும் தூக்கிக்கொண்டிருந்தேன். இருநூறு தாண்டியது. பெண்கள் பக்கம் சிரிப்பு. ஆண்கள் பக்கமும் சிரிப்பு. பக்கத்தில் நின்ற பால்காரர், "இன்னாண்ணா, பாவக்காய்க்கா இப்டி அடிச்சிக்கினு கீறே?" என்றார்.

"உனக்குத் தெரியாது, கம்முனு இரு" என்றேன்.

முந்நூறு. முந்நூற்றைம்பது. போதகர் அங்கியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் எதற்கு அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. நானூறுக்கும் கை தூக்கினேன். சகலை, "ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்" என்றார். அப்போது கரும்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"நானூத்தி முப்பது! மாமா, யாரா இருந்தாலும் சொல்லிடுங்க. அந்தக் கூடை எனக்கு வேணும்!"

உடம்பு பாதியாகிவிட்டது. குரல் ஒரு பிடிகூடக் குறையவில்லை. கடைசி பெஞ்சு வரை கேட்கிற டீச்சர் குரல். வேணும் என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது!

கையை இறக்கியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் அதை இன்னொரு தரம் கேட்க வேண்டும் போல் இருந்தது. கையைத் தூக்கினேன்.

"யோவ் சகல!" என்று கத்தினார் என் சகலை. "கேக்குறது உன் பொண்டாட்டிய்யா! கையக் கீழ எறக்கு!"

பந்தல் இடிந்துவிழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. யாரோ கரும்புக்கட்டுகளை விலக்கினார்கள். அந்தப் பக்கம் என் மனைவி, கை இன்னும் மேலே. என்னைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "நீங்க ஸ்டாண்டுல இல்ல?"

"நீ வீட்ல இல்ல?"

"அவருக்கு இப்ப எவ்வளவு மாமா?" என்று சகலையைக் கேட்டாள்.

"நானூத்தி அம்பது டீச்சரம்மா."

"நானூத்தி அறுபது" என்றாள், என்னையே பார்த்துக்கொண்டு. "எனக்கு வேணும்." மூன்று தரம் சொல்லி முடித்தார் சகலை. அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "என் வேலியில சும்மா தொங்கிச்சு. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொடியையே பிடுங்கிக் குடுத்திருப்பேனே!"

பாகற்காய் வேணும்னு சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னுதான் மறைச்சேன் என்று வழியில் சொன்னாள். வீட்டுக்கு வந்து நான் வதக்கினேன். வெல்லம் இல்லை, புளி இல்லை. உப்பு, மிளகாய், மஞ்சள். கொஞ்சமாகத் தட்டில் வைத்தேன். ஒரு துண்டு எடுத்தாள். நான் அவள் கண்ணையே பார்த்தேன்.

"உப்பு கம்மி" என்றாள்.

அழுகை வந்துவிட்டது எனக்கு. உப்பைத் தூவினேன். அடுத்த துண்டுக்குக் கண் மூடியது. நாலைந்து துண்டோடு தட்டைத் தள்ளினாள். "போதும். விசில் அடிச்சாச்சு. நீங்க சாப்பிடுங்க." நான் மிச்சத்தைச் சோறு போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். கசப்பு கொல்லும். அவ்வளவு நன்றாகச் சாப்பிட்டு மாதக்கணக்காயிற்று. மீதிக் கூடையை வற்றல் போட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தோம்.

இப்போதெல்லாம் பேப்பரில் இந்த ஆபரேஷனைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். பசியைக் கிளப்புகிற ஹார்மோன் வயிற்றின் மேல்பகுதியில் சுரக்கிறதாம், போதும் என்கிற ஹார்மோன் குடலின் கீழ்ப்பகுதியில் சுரக்கிறதாம். நாக்கு ருசி மாறுவதும் சிலருக்கு உண்டாம். ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். நான் டாக்டரிடம் கேட்டதற்கு மட்டும் இன்னும் யாரும் பதில் எழுதவில்லை. எனக்குப் பதில் தெரியும் என்பதால் பரவாயில்லை.

அந்த ஏலத்துக்கான முழுப் பணத்தையும் சபைக்கு அவள்தான் கட்டினாள். கட்டிவிட்டு வந்து எனக்குத் தீர்ப்புச் சொன்னாள். "கடையில வாங்கியிருந்தா அறுபது ரூபா. மீதி நானூறு உங்க கை ஏத்திவிட்டது. நீங்கதான் தரணும். சனிக்கிழமைக்குப் பத்து ரூபா. எடத்தை நான் சொல்றேன்."

இடம் மேற்கே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு பஜ்ஜி வண்டி. முதல் சனிக்கிழமை மேம்பாலப் படியில் அவள் எங்கும் நிற்காமல் ஏறினாள். எனக்குத்தான் பாதியில் மூச்சு வாங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மேலேயிருந்து குனிந்து, "எந்த வண்டி பாக்கிறீங்க?" என்றாள். கீழே இறங்கி ஒரு பஜ்ஜி வாங்கினோம். அதில் ஓரமாக ஒரு கிள்ளு அவளுக்கு, மிச்சம் எனக்கு. கிள்ளியதைச் சாப்பிட்டுவிட்டுக் கையை நீட்டினாள். பத்து ரூபாயை வைத்தேன்.

அந்தக் கடன் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். தீர்கிற மாதிரித் தெரிந்ததும் நான் சில்லறை இல்லை, அடுத்த வாரம் என்று சாக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்பதை நிறுத்தவில்லை, வருவதையும் நிறுத்தவில்லை. நேற்றுச் சனிக்கிழமையும் பஜ்ஜியைக் கிள்ளிக்கொண்டே கையை நீட்டினாள். சில்லறை இல்லை என்றேன். பாக்கி நூற்றுப் பத்து ரூபாய்.